நாலு பைசா, ஊர்ப் பங்கு

வெளிநாட்டு நிதி வற்றிவருகிறது. கம்பெனிகளின் பணம் கரிசல் காட்டை எட்டிப்பார்க்கவில்லை. கோவில்பட்டி வட்டாரத்துத் தொண்டு நிறுவனங்கள் மறுபடியும் உள்ளூர் வாசலுக்கு வந்து நிற்கின்றன. அந்த வாசல் திறக்குமா?

காளியம்மன் கோயில் பொங்கல் முடிந்த எட்டாம் நாள் ராத்திரி. டியூப்லைட் கட்டிய மூங்கில்களை இன்னும் பிடுங்கவில்லை. கோயிலுக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் எதிர்த்த வீட்டுத் திண்ணையில். கணக்குப் பார்த்தவர் நீள நோட்டைப் பிரித்து வாசிக்கிறார். முதலில் வரவு: தலைக்கட்டு வரி, வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள் அனுப்பியது, பழ ஏலத்தில் வந்தது. அப்புறம் செலவு: மேளம், மைக் செட், கரகாட்டம், வாணவேடிக்கை. பந்தல் வந்ததும் திண்ணையிலிருந்து ஒரு குரல் எழுகிறது.

“ஏப்பா, போன வருசம் பந்தலுக்கு எம்புட்டு குடுத்தோம்? அதையும் சேத்து வாசி.”

“இந்த வருசம் ரெண்டு பந்தல் கூடப் போட்டோம்ல அத்த.”

“அப்ப ரசீது இருக்கும்ல, காட்டு.”

ரசீது கைமாறிக் கைமாறித் திண்ணைக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதன் பிறகுதான் நோட்டில் அடுத்த வரி. பாக்கி வைத்தவர்கள் பெயரும் வாசிக்கப்படும். மீதி இருப்பு எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லப்படும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே ஊரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கும். பல வருடமாக நடக்கும். அதன் வரவு செலவை ஊர் கேட்டதில்லை, நிறுவனமும் சொன்னதில்லை. ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, படங்களோடு கடல் தாண்டிப் போகும். பணம் அங்கிருந்து வந்ததால் கணக்கும் அங்கேதான் போனது. இன்று அந்தப் பணம் வரும் வழி அடைபட்டபோது, உள்ளூரில் யாரிடம் போய் என்ன சொல்லிக் கேட்பது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை.

தீக்குச்சி அடுக்கிய விரல்கள்

கரிசல் பூமிக்கு வெளிநாட்டு நிதி பெருமளவில் வரத் தொடங்கியது தீப்பெட்டித் தொழிலை முன்னிட்டு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கத்துக் குழந்தைகள் விடிவதற்கு முன்பே பஸ் ஏறிப் போய்க் கட்டையில் குச்சி அடுக்கிய காலம் அது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990-இல் வந்து பல நாடுகளில் பேசப்பட்டது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தப் பத்து வருடங்களில் இரவுப் பள்ளிகளும் மாலை வகுப்புகளும் மகளிர் குழுக்களும் வட்டாரம் முழுக்க முளைத்தன. நல்ல வேலை நடந்தது. அதை மறுப்பது நன்றியில்லாத காரியம்.

ஆனால் அந்தப் பணம் ஒரு படத்துக்காக வந்த பணம். குச்சி அடுக்கும் பிஞ்சு விரல்களின் படம். குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பத் திரும்ப, அந்தப் படத்துக்கான தேவை குறைந்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது உலகத்தின் கண் கடற்கரைக்குத் திரும்பியது. கரிசல் காட்டுக் கஷ்டம் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போகும் கஷ்டம் அல்ல. மழை பொய்க்கும், உளுந்து கருகும், கடன் ஏறும், பிள்ளை படிப்பை விட்டு மில்லுக்குப் போகும். இதைப் படம் பிடிப்பது கடினம்.

அடுத்து வந்தது சட்டம். வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது, கோவில்பட்டி போன்ற ஊர்களை அதிகம் பாதித்தது ஒரே ஒரு விதிதான்: நிதி பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. சென்னையிலும் மதுரையிலும் உள்ள பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியை வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த ஏற்பாடு அதோடு நின்றது. சின்ன அமைப்புக்குச் சொந்தமாகப் பதிவு கிடையாது. வாங்குவதற்கு ஆடிட்டர் செலவும் கட்டாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. களப்பணியாளர் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கர்கள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள்.

┌ பெட்டிச் செய்தி ┐
வெளிநாட்டுப் பணம்: எது எது?
• முதல் சட்டம் 1976-இல் வந்தது. இப்போது நடப்பில் உள்ளது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.
• பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். இது 2020 திருத்தம்.
• நாடு முழுவதும் இதுவரை ரத்தான பதிவுகள் 20,000-க்கும் மேல்.
• துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். ஊர்க்காரர்தானே என்று வாங்கிப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது.
└──────────┘

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி இருக்கிறதே என்று கேட்கலாம். 2014 ஏப்ரல் முதல் அது சட்டப்படி கட்டாயம். 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள கம்பெனி, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. கரிசல் வட்டாரத்துக்கு வினையே இங்குதான். இங்கே பெரும்பாலும் சிறுதொழில். தீப்பெட்டி ஆபீஸ்களில் அந்த அளவைத் தொடுவது அபூர்வம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அடுப்படி அளவுத் தொழில்தான். பெரிய ஆலைகள் தூத்துக்குடிக் கரையில் இருக்கின்றன. அவற்றின் பணம் அவற்றின் சுற்றுச்சுவரை ஒட்டிய ஊர்களைத் தாண்டி மேற்கே வருவது கடினம்.

ஆக, மிஞ்சுவது உள்ளூர்.

அரிசியில் ஒரு பிடி

உள்ளூர் என்றால் என்ன என்பதற்கு இந்தப் பூமி வைத்திருக்கும் சான்று சாதாரணமானதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை உள்ளிட்ட ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள் மகமை என்ற ஏற்பாட்டை வளர்த்தார்கள். விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கு பொதுவுக்கு. லாபம் வந்தால் தருகிறேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை; வியாபாரம் நடந்தாலே மகமை உண்டு. உறவின்முறை என்ற சாதிச் சபை அதைத் தண்டி, கணக்கு வைத்து, கிணறு வெட்டியது, பேட்டை கட்டியது, பள்ளிக்கூடம் நடத்தியது.

1880-களில் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அப்படி வந்த பள்ளி. வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டிப் பள்ளி நடந்தது. பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்றே பெயர். சம்பளமில்லாப் படிப்பு. 1903-இல் பிறந்த காமராஜர் படித்தது அங்கேதான்.

நிதி திரட்டுவதைத் தொழிலாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்று தலைகீழாக நின்று தேடுவது இந்த ஏற்பாட்டைத்தான்: மாதாமாதம் கொடுக்கும் சிறு நன்கொடையாளர். ஒரு பிடி அரிசி யாருக்கும் பாரமில்லை. கொடுப்பவளுக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அங்கே படிக்கும் பையன்களைத் தெரியும். ஒரு பெரிய மனிதர் செத்தாலோ கோபித்துக்கொண்டாலோ பள்ளி படுத்துவிடாது.

347 ரூபாய் 12 அணா

கொடுத்த பணம் நடுவழியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் கரிசல்காரர் ஒருவரின் வாழ்க்கையே சாட்சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது சொத்தும் இல்லை, வக்கீல் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்காகப் பணம் திரட்டினார்கள். அது காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதங்கள் மாறி மாறிப் போய்வந்தன. யார் கொடுத்தது, எவ்வளவு என்பது உடனே தெரியவில்லை. கடைசியில் 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்து எழுதிய நூலின் பெயரிலேயே அந்தத் தொகை இருக்கிறது.

இதில் யாரும் கையாடவில்லை. கொடுத்தவர்கள் மனதாரக் கொடுத்தார்கள், காந்தியும் கொடுக்க மறுக்கவில்லை. இல்லாமல் போனது ஒரு துண்டுச் சீட்டு: இன்னாருக்காக, இன்னார் கொடுத்தது, இவ்வளவு. அந்தச் சீட்டு இல்லாததால், தனக்கென்று வந்த பணத்தைத் தானே எழுதிக் கேட்க வேண்டிய நிலை, அதுவும் கப்பல் ஓட்டிய மனிதருக்கு. அவர் நன்றி மறந்தவரல்ல. தனக்கு வக்கீல் உரிமையைத் திரும்ப வாங்கித் தந்த வாலஸ் துரையின் பெயரை மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தவர். அந்த உரிமையோடு பின்னாளில் அவர் வக்கீல் தொழில் நடத்திய ஊர்களில் ஒன்று கோவில்பட்டி.

மண்டபத்துக்குக் கிடைத்தது

எட்டயபுரத்துக்காரர் பாரதி 1920-இல் கடையத்திலிருந்து ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம். முதல் 20,000 ரூபாய். நண்பர்கள் ஆளுக்கு 100 ரூபாயாவது கடனாகக் கொடுத்தால் போதும். மாதம் 2 சதவீத வட்டி, முத்திரைத்தாளில் பத்திரம். இன்று எந்த அறக்கட்டளையும் பொறாமைப்படும் திட்ட அறிக்கை அது. தொகை தெளிவு, நோக்கம் தெளிவு, திருப்பிக் கொடுக்கும் வழி தெளிவு. பணம் வரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

கால் நூற்றாண்டு கழித்து, அதே எட்டயபுரத்தில் பாரதிக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று கல்கி தன் வார இதழில் எழுதினார். வாசகர்கள் சிறுசிறு தொகையாக அனுப்பினார்கள். கொடுத்தவர்கள் பெயர்கள் இதழில் அச்சாயின. 1945 ஜூன் 3 அன்று ராஜாஜி அடிக்கல் நாட்ட, 1947 அக்டோபரில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஒரு சாதி, ஒரு ஊர் என்றில்லாமல் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லாரையும் நன்கொடையாளராக்கிய காரியம் அது. ஒரு பத்திரிகை தன் வாசகர்மீது வைத்த நம்பிக்கையும், வாசகர் அதன்மீது வைத்த நம்பிக்கையும் கல்லாக எழுந்து நிற்கின்றன. பத்திரிகைக்காரனாக எனக்கு இதில் பெருமை உண்டு.

வருத்தமும் உண்டு. மனிதர் உயிரோடு இருந்தபோது புரளாத பணம் மண்டபத்துக்குப் புரண்டது. இந்தக் குணம் இன்னும் மாறவில்லை. கரிசல் வட்டாரத்தில் எந்தத் தொண்டு நிறுவனக் கணக்கைப் பிரித்தாலும் தெரியும்: வகுப்பறை கட்டத் தருவார்கள், வாட்டர் டேங்க் வைக்கத் தருவார்கள், டியூப்லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதித் தருவார்கள். அந்த வகுப்பறையில் பாடம் நடத்தும் பெண்ணின் மாதச் சம்பளத்துக்குக் கேட்டால் முகம் மாறும். சம்பளத்தில் பெயர் எழுத முடியாது. பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இந்தப் பக்கம் குறைவில்லை. அவற்றில் பலவற்றுக்குக் குறை ஒன்றே ஒன்று, வேலை செய்ய ஆள் வைக்கக் காசு.

ஆறு பைசா, நாலு பைசா

மணிமண்டபம் திறந்த ஒன்பதாம் வருடம், 1956-இல், அதே எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கிவைத்தார். அரசுப் பணம் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்களின் நன்கொடையில் நடந்த திட்டம் அது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டார். பிடி அரிசியில் படித்த முதலமைச்சருக்கு இது புது யோசனையாக இருந்திருக்க முடியாது.

பிறகு அரசு பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்றால் ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். அந்த நாலு பைசாதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். அரசால் பத்தையும் கொடுக்க முடியாது என்பது ஒரு காரணம். நாலைக் கொடுத்த ஊர், சோறு வெந்ததா, பருப்பு போட்டார்களா என்று எட்டிப்பார்க்கும் என்பது இன்னொரு காரணம். ஊர்ப் பங்கு போதாத இடங்களில் திட்டம் தள்ளாடியதும் உண்மை. 1961-இல் கேர் என்ற வெளிநாட்டுத் தொண்டு அமைப்பின் உதவி வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோது முழுப் பொறுப்பும் அரசுக்கு வந்தது. வர வேண்டியதுதான். பிள்ளையின் பசியை நன்கொடையின் தயவில் விட முடியாது. ஆனால் நாலு பைசாவோடு சேர்ந்து அந்த எட்டிப்பார்க்கும் உரிமையும் ஊரின் கையைவிட்டுப் போனது.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

உள்ளூரில் கேட்கத் தொடங்கும் நிறுவனங்கள் முதலில் மறக்க வேண்டியது வரிக் காலண்டரை. வருமான வரிக்காக மார்ச்சில் கேட்பது நகரத்துப் பழக்கம். மானாவாரி பூமியில் கையில் காசு புரள்வது தை கடைசியிலிருந்து பங்குனி வரை: உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு வந்து, பருத்தியும் மிளகாயும் எடுக்கும் நேரம். புரட்டாசியில் நோட்டோடு போனால், விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்கு வாங்கியவன் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளி கையில் காசு இருப்பது தீபாவளி போனஸின்போது. களத்துமேட்டில் தானியமாகவே வாங்கலாம்; பங்கு அளந்து கொடுப்பது அங்கே பரம்பரைப் பழக்கம்.

வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீதைக் காட்டிக் கேட்பதும் இனி செல்லாது. புதிய வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது. 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் ஆன பிறகு, கோவில்பட்டியில் நன்கொடை கொடுக்கக்கூடிய ஆசிரியர், குமாஸ்தா, கடைக்காரர்களில் பெரும்பகுதிக்கு அந்த ரசீதால் ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஒரு வகையில் இது நல்லதே. வரிக்காகக் கொடுத்தவர் போய்விடுவார். வேலைக்காகக் கொடுப்பவரை இனி தேடிப் பிடித்தாக வேண்டும்.

டீக்கடைச் சுவரிலும் நிறுவனத்தின் கேட்டிலும் இப்போது க்யூஆர் அட்டை ஒட்டுகிறார்கள். பாஸ்புக்கில் 50, 100, 51 என்று வரிசையாக விழும். பக்கத்தில் நீளமாக ஒரு எண், வெட்டுப்பட்ட ஒரு பெயர். அந்த 51 ரூபாய் யாருடைய கல்யாண நாள், யாருடைய அப்பா திதி என்று தெரியாது. பொருளாளர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, முடிந்தவரை ஆளைக் கண்டுபிடித்து, “அண்ணாச்சி, பணம் வந்துச்சு, எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கினோம்” என்று சொன்னால், அந்த 51 அடுத்த வருடமும் வரும். சொல்லாவிட்டால் வராது. நிதி திரட்டும் கலை பற்றி எத்தனை பயிற்சி முகாம் நடத்தினாலும் சாரம் இந்த ஒரு போன் அழைப்புதான் என்பது என் முடிவு.

┌ பெட்டிச் செய்தி ┐
ரசீதுப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு
• ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய நன்கொடைக்கு 80ஜி கழிவு கிடையாது.
• நன்கொடையாளர் விவரப் படிவம் 10பிடி ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம்.
• கம்பெனி நிதி கேட்க 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு கட்டாயம்.
• ஆண்டு வருமானம் 5 கோடியைத் தாண்டாத அறக்கட்டளைகளின் வரிவிலக்குப் பதிவு இனி 10 ஆண்டுக்குச் செல்லும் என்று 2025 நிதிச் சட்டம் சொல்கிறது. 80ஜி அனுமதி இதில் சேராது.
• 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதை மொத்தமாக அச்சடிக்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.
└──────────┘

கேட்க முடியாதவர்கள்

உள்ளூருக்குத் திரும்புவோம் என்று எழுதுவது சுலபம். உள்ளூர் எல்லாருக்கும் ஒரே உள்ளூர் அல்ல. மகமை ஒரு சாதியின் தற்காப்பாக வளர்ந்தது. கோயிலுக்குள் விடாத, தெருவில் நடக்கவிடாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சாதியும் தன் சங்கம், தன் மண்டபம், தன் பள்ளி என்று கட்டிக்கொண்ட பிறகு, சந்தையில் சரக்கே இல்லாத அருந்ததியர் தெருவுக்கு எந்த மகமை? தலைக்கட்டு வரி நோட்டிலேயே இடம் கிடைக்காத காலனிகள் உண்டு.

வெளிநாட்டுப் பணத்தின் அருமை இங்கேதான் இருந்தது. அது எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கொத்தடிமை வேலையிலிருந்து மீட்பது, பஞ்சமி நிலத்துக்கு மனு போடுவது, வீட்டில் அடிபட்ட பெண்ணோடு காவல் நிலையத்துக்குப் போவது, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களுக்குப் புகலிடம் தருவது, இவை எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. பஜாரில் போய் இவற்றுக்கு ரசீது கிழிக்க முடியாது. யாருக்கு எதிராக மனு போடுகிறோமோ அவர்தான் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். நிதி நின்றால் மாலை வகுப்புகள் எப்படியோ உள்ளூர் உதவியில் தட்டுத்தடுமாறி நடக்கும். முதலில் மூடப்படுவது இந்த வேலைகள்.

ஆகவே வெளியூரில் வேரூன்றிவிட்ட கரிசல்காரர்களிடம் கேட்க வேண்டிய முதல் காரியம் இது. சென்னையிலும் மும்பையிலும் சூரத்திலும் கடை வைத்திருப்பவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள், பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள். உள்ளூர்ப் பகை அவர்களைத் தொடாது. ஊரில் நாளைக்கு யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு இல்லை. பழைய பள்ளிக்குக் கேட் கட்டித் தருகிறோம் என்று குழுவில் பேச்சு வரும்போது, கேட்டுக்குப் பதிலாக ஒரு களப்பணியாளரின் பன்னிரண்டு மாதச் சம்பளம், பெட்ரோல் காசு, கோர்ட்டுக்குப் போய்வரும் பஸ் சார்ஜ் என்று யாராவது ஒருவர் எழுதிப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பணியாளர் தமிழில் ஒரு பக்கம் எழுதுவார்: எத்தனை மனு, எத்தனை வாய்தா, எத்தனை குடும்பம் வேலைத்தளத்திலிருந்து வெளியே வந்தது. பெயர் எழுதச் சுவர் கிடைக்காது. அந்த ஒரு பக்கம் கிடைக்கும்.